நிறுத்தியவருக்கு என்ன நடக்கிறது?

1988 ஜூலை 6 இரவு 10 மணிக்கு, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் நின்ற பைப்பர் ஆல்பா எண்ணெய்த் தளத்தில் முதல் வெடிப்பு நிகழ்ந்தது. அந்த விபத்தில் 167 பேர் இறந்தார்கள். வொர்க் பெர்மிட் வகுப்பில் நாம் எல்லோரும் படித்த கதை இது. பராமரிப்புக்காக 'ஏ' பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தற்காலிகமாக மூடியிருந்தார்கள். அந்த வேலைக்கான பெர்மிட் இரவு ஷிப்ட்டின் கண்ணில் படவில்லை. ஓடிக்கொண்டிருந்த 'பி' பம்ப் நின்றுபோனதும் 'ஏ'வை இயக்கினார்கள். வகுப்பு பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும். இதற்குப் பின் நடந்ததைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

பைப்பரோடு ஒரே குழாய்த் தொடரில் இணைந்திருந்த கிளேமோர் தளத்துக்கு அபாய அழைப்பு போய்ச் சேர்ந்திருந்தது. ஆனாலும் அது எண்ணெயை அனுப்பிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிடலாம் என்று கிளேமோரின் மேலாளரிடம் அவருக்குக் கீழே இருந்த அதிகாரியே சொன்னார். நிறுத்தும் அதிகாரமும் மேலாளரிடம் இருந்தது. அவரோ கரையிலிருந்த மேலதிகாரிகளைத் தொடர்புகொள்வதும் காத்திருப்பதுமாக இருந்தார். உற்பத்தி நிற்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. குழாயில் அழுத்தம் குறையாததால் அதுவரை பைப்பரின் தீக்கு எண்ணெய் கிடைத்துக்கொண்டிருந்தது. கல்லன் பிரபு 1990இல் அளித்த விசாரணை அறிக்கை இந்தத் தயக்கத்தைக் கண்டித்தது.

அந்த மேலாளரைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அதே நாற்காலியில் நம்மை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நிறுத்தினால் நட்டம் நிச்சயம். அது எவ்வளவு என்று மறுநாள் காலையிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள், அதில் அவர் பெயர் இருக்கும். தொடர்ந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். 1979இல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வில் இதே வடிவத்தில் ஒரு கேள்வி உண்டு: 3,000 நிச்சயமாக இழப்பதா, 4,000 இழக்க 80 சதவீத வாய்ப்புள்ள சூதில் இறங்குவதா? பதில் சொன்னவர்களில் 92 சதவீதம் பேர் சூதைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரிக் கணக்கில் அதில்தான் நட்டம் அதிகம். கண்ணெதிரே நிற்கும் உறுதியான இழப்பைத் தவிர்க்க, மனிதர்கள் பெரிய இழப்பைப் பணயம் வைக்கிறார்கள். அலட்சியக்காரர்கள் மட்டுமல்ல, பொறுப்பானவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

நம் ஆலைகளில் இது தினமும் நடக்கிறது. இன்டர்லாக்கை பைபாஸ் செய்து மெஷினை ஓட்டும் ஆப்பரேட்டருக்கு அந்த ஷிப்ட்டின் உற்பத்தி எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறது, கை போவது தெரிவதில்லை. நேற்றும் அதற்கு முந்தின நாளும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய அனுபவம். அந்த அனுபவம் பொய்யும் இல்லை. நிறுத்தியவருக்கோ அனுபவம் வேறு விதமாக அமைகிறது. நிகழாமல் போன விபத்தை அவரால் யாருக்கும் காட்ட முடியாது. நாற்பது நிமிட உற்பத்தி போனது மட்டும் லாக் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை அவர் நிறுத்த மாட்டார். பிறகு ஒருநாள் விபத்து நடக்கும்போது, விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுகிறோம். இந்தச் சொல்லோடு நின்றுவிடும் அறிக்கையை முடியாத அறிக்கை என்றே நான் கருதுகிறேன். அந்த நேரத்தில் அந்த முடிவு அவருக்கு ஏன் சரியாகப் பட்டது என்று கேட்டால்தான் விசாரணையே தொடங்குகிறது.

வேலையை நிறுத்தும் உரிமை உண்டு என்று அச்சிட்ட அட்டையைப் பல நிறுவனங்கள் தொழிலாளர் கழுத்தில் மாட்டியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அட்டையால் நிறுத்துவதன் விலை குறைவதில்லை. டொயோட்டாவின் அசெம்பிளி லைனில் தொழிலாளி கோளாறைக் கண்டு எச்சரிக்கைக் கயிற்றை இழுத்ததும் குழுத்தலைவர் அவரிடம் வந்து நிற்பார். குறித்த இடத்தைக் கார் எட்டுவதற்குள் கோளாறு சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். இழுத்தவர் தனி ஆளாக எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் வலிமை அதில்தான் இருக்கிறது.

நம் கையில் இருக்கும் வலுவான கருவி, முடிவை முன்கூட்டியே எடுத்துவைப்பது. தொட்டிக்குள் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் வெளியேற வேண்டும் என்று பெர்மிட்டிலேயே இருந்தால், மேற்பார்வையாளர் யாரோடும் வாதாட வேண்டாம்; மீட்டர் சொல்லிவிடும். கிரேனுக்குக் காற்றின் வேகம், வெல்டிங்குக்கு வாயு அளவு, இரவு ஷிப்ட்டுக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை எல்லாவற்றையும் பதற்றமில்லாத பகல் வேளையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். கிளேமோரில் இல்லாமல் போனதும் இப்படி ஒரு தெளிவுதான். பக்கத்துத் தளம் எரிந்தால் யாரையும் கேட்காமல் நிறுத்து என்ற வரியும், அதற்கான கூட்டுப் பயிற்சியும் இருந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் இதுவும் போதாது. வேலை நின்றால் அன்றைய கூலி நிற்கும் ஒருவரிடம் 'ஆபத்து என்றால் நிறுத்துங்கள்' என்று டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சொல்வது அநியாயம். பாதுகாப்புக் காரணத்தால் நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். பர்சேஸ் பிரிவோடு இதற்காகச் சண்டை போட வேண்டிவரும். போடத்தான் வேண்டும்.

சட்டம் நமக்குப் பாதி தூரமே துணை வருகிறது. போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 41-எச் பிரிவு, அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில் உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதும் தொழிலாளி நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் எச்சரிக்கும் உரிமையைத் தந்தது. அது எச்சரிக்கும் உரிமை. கையை எடுத்துவிட்டு விலகி நிற்கும் உரிமை அல்ல. அப்படி விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்வது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 155. 2022 ஜூனில் அது அடிப்படை உடன்படிக்கைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளை ஒட்டி உங்கள் ஆலையில் உறுதிமொழியும் ஓவியப்போட்டியும் நடக்கும். அதோடு பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வியையும் வைத்துவிடுங்கள்: கடந்த ஓராண்டில் பாதுகாப்புக்காக வேலையை நிறுத்தியவர்கள் யார் யார், அதன்பின் அவர்களுக்கு என்ன நடந்தது? ஒருவர் பெயரும் வரவில்லை என்றால், உங்கள் ஆலையில் நிறுத்த யாருக்கும் துணிவு வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வந்தால், ஆலை மேலாளரை அழைத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய், மற்றவர்கள் பார்க்க அவருக்கு நன்றி சொல்லுங்கள். அவர் நிறுத்தியது தேவையில்லாமல் போயிருந்தாலும் சொல்லுங்கள்.