அறுபதாயிரத்துக்கு நாங்களும் சாட்சி

ஒன்றரை ஆண்டுக்கு முன், மண்ணூரை ஒட்டிய ஒரு குடோன் கட்டுமானத்தில் எங்கள் காலனித் தம்பி ஒருவரின் வலது கை நசுங்கியது. ஹைட்ரா கிரேனில் தூக்கிய இரும்பு டிரஸ் காற்றில் ஆடியது. அதைக் கயிறு பிடித்துத் திருப்பும் ஹெல்பர் வேலை அவருக்கு. பெல்ட் நழுவியது. கட்டை விரலைத் தவிர மற்ற நான்கு விரல்களும் போயின. வயது முப்பது.

கிரேனை வாடகைக்கு விட்டவர் அவரைத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். உள்ளே போகும்முன் சொல்லிக்கொடுத்த வாசகம், 'பைக்கிலிருந்து விழுந்தேன்னு சொல்லுப்பா' என்பது. பன்னிரண்டாம் நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் அறுபதாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார்கள். கீழே சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் நாங்கள் இருவர் உண்டு. பேசி முடித்துவைத்தோம் என்ற திருப்தியோடு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அந்தத் திருப்தி எவ்வளவு பெரிய அறியாமை என்பதை எழுதவே இந்த வாரப் பத்தி.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி கணக்குப் போட்டுப் பார்ப்போம். தம்பியின் சம்பளம் மாதம் பதினெட்டாயிரத்துக்கு மேல். 2020 ஜனவரி முதல் சட்டம் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கு எண் 207.98. பெருக்கினால் 18,71,820. இது முழு ஊனத்துக்கு. ஒரு கையில் நான்கு விரல்கள் போனால் வருவாய் இழப்பு 50 சதவீதம் என்று அதே சட்டத்தின் இன்னொரு அட்டவணை சொல்கிறது. ஆக 9,35,910 ரூபாய். மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதம்.

ஒன்பது லட்சத்துக்கு மேல் வர வேண்டிய இடத்தில் அறுபதாயிரம். அதற்கு நாங்கள் சாட்சி.

இந்த 50 சதவீதம்கூட கடைசி எல்லை அல்ல. அரை நூற்றாண்டுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்தபோது விழுந்து இடது கையை இழந்தவர் அவர். இன்னொரு கை இருக்கிறதே என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இழப்பு நூறு சதவீதம் என்றது நீதிமன்றம். விரல் இல்லாத வலது கையை வைத்துக்கொண்டு எந்தக் கிரேனுக்குக் கயிறு பிடிப்பது?

அந்த முத்திரைத்தாள் என்ன ஆகும்? சட்டத்தின்படி கிடைக்க வேண்டிய இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. சமரசம் என்றாலும் அதை இழப்பீட்டு ஆணையரான தொழிலாளர் துணை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்றோ ஏமாற்றி வாங்கியது என்றோ தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஊர்ப் பெரியவரின் திண்ணைக்கு அந்த அதிகாரம் கிடையாது.

வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துப் பறிகொடுத்த கதை நம் மக்களுக்குப் புதிதல்ல. இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதன் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் பின் 1892-இல் வந்த ஆணையால் கிடைத்தவைதான் பஞ்சமி நிலங்கள். அவை எப்படிக் கைமாறின என்று பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நிலம் போன பிள்ளைகள் இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கேட் பாஸோடு நிற்கிறார்கள். கிரேன் ஓட்டுபவர் வேறு, சூப்பர்வைசர் வேறு, சுமைக்குக் கீழே நிற்பவர் பெரும்பாலும் காலனிக்காரர். இப்போது அவர்கள் பக்கத்தில் பீகார், ஒடிசா பிள்ளைகளும்.

கிரேன் விழுந்தால் நாடே திரும்பிப் பார்த்த இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பெங்களூரு சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளம். 2020 பிப்ரவரி 19 இரவு, 'இந்தியன் 2' படப்பிடிப்பில் ராட்சத விளக்குகளோடு நின்ற கிரேன் சாய்ந்து மூவர் இறந்தனர், பலர் காயமடைந்தனர். கமல்ஹாசன் ஒரு கோடி அறிவித்தார். இயக்குநர் ஷங்கர் ஒரு கோடி, லைகா நிறுவனம் இரண்டு கோடி. கொடுத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அது நட்சத்திரங்களின் மனதைப் பொறுத்தது. மண்ணூர் குடோனுக்கு எந்த நட்சத்திரமும் வரமாட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் சுமை சோதனையின்போது கிரேன் சரிந்து பதினோரு பேர் இறந்தனர். நிரந்தர ஊழியரைவிட ஒப்பந்த ஆட்களே அதிகம். யூனியன்களோடு பேசிய பிறகு குடும்பத்துக்கு 50 லட்சமும் ஒருவருக்கு வேலையும் அறிவிக்கப்பட்டது, ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சேர்த்து. எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிச் சொற்கள்தான்.

'நிவாரணம்', 'கருணைத் தொகை' என்ற சொற்களை நம் ஆட்கள் பழகிவிட்டார்கள். கொடுத்தால் வாங்குவது, கொடுக்காவிட்டால் கும்பிடுவது. 'இழப்பீடு' வேறு. அது கொடுக்க வேண்டிய கடன். 'ஆள் என்னுடையவர் அல்ல, கான்ட்ராக்டருடையவர்' என்று கம்பெனி தட்டிக்கழிக்க முடியாது. தன் தொழிலுக்கான வேலையைக் கான்ட்ராக்டருக்கு விட்ட அசல் முதலாளியும் பொறுப்பாளி என்றது 1923 சட்டமே. தினக்கூலிக்கு அவ்வப்போது வந்தவர் என்று ஒதுக்கும் வழியும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அடைபட்டுவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. கணக்கின் அடிப்படை மாறவில்லை.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குப் பாதை வேறு. மாதம் 21,000 வரை வாங்குபவர்கள் அதில் வருவார்கள். அவர்கள் முதலாளியிடம் மொத்தத் தொகை கேட்க முடியாது. பதிலாக, குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம். ஊனம் நிரந்தரமானால், மருத்துவ வாரியம் சொல்லும் அளவுக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. முதலாளி பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போகாது. 'பைக்கில் விழுந்தேன்' என்று எழுதிவிட்டால்தான் போகும்.

இந்த இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு வழிவகுத்த அடார்கர் அறிக்கை 1944-இல் வந்தபோது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948-இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். ஏப்ரல் 14-இல் மாலை போடும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் தங்கள் இ.எஸ்.ஐ. எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். கை தூக்கியவர்கள் குறைவு.

இன்னொரு வழியும் உண்டு. நம்பர் பிளேட் உள்ள ஹைட்ரா ஒரு மோட்டார் வாகனம். 2023 ஜனவரியில் நெமிலி அருகே கீழ்வீதி கோயில் திருவிழாவில் கிரேன் சாய்ந்து நால்வர் இறந்தார்கள். சாமிக்கு மாலை போட வந்த கூட்டத்துக்கு முதலாளி ஏது? அப்படிப்பட்டவர்கள் போகும் இடம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். தொழிலாளியும் அங்கே போகலாம். ஆனால் இழப்பீட்டு ஆணையர், தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதக் கெடு, ஆணையருக்கு இரண்டு ஆண்டு. எது லாபம் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

வழக்கறிஞர் என்றதும் நம் ஆட்கள் பின்வாங்குவார்கள். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு கேட்கும் புரோக்கர்களைப் பார்த்த பயம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழோடு நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போனால் போதும், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். கல்லூரிக்கும் வேலைக்கும் அந்தச் சான்றிதழை நீட்டுகிறோம். இதற்கு நீட்டியவரை நாங்கள் பார்த்ததில்லை, போன மாதம் வரை.

அடிபட்ட அன்று செய்ய வேண்டியது சிறியதுதான். முடிந்தவரை அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லி ஏ.ஆர். காப்பி வாங்க வேண்டும். கூட வேலை செய்பவர் கிரேனின் நம்பர் பிளேட்டையும் அறுந்த பெல்ட்டையும் செல்போனில் படம் எடுத்து வைக்க வேண்டும். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் அந்த வரவே வேலைக்கான சான்று.

எங்கள் தம்பியிடம் ஏ.ஆர். காப்பி இல்லை. மருத்துவமனைச் சீட்டில் 'இருசக்கர வாகன விபத்து' என்றுதான் இருக்கிறது. சம்பளம் வந்த ஜிபே வரவுகள் இருக்கின்றன. விபத்துக்கு முந்தைய நாள் அதே ஹைட்ராவின் மேல் உட்கார்ந்து எடுத்த செல்ஃபி ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டு முடிய ஆறு மாதம் மீதி. போன மாதம் சட்டப் பணிகள் குழு வழக்கறிஞர் கொடுத்தார், ஆணையரிடம் மனு தாக்கலாகிவிட்டது. அந்த முத்திரைத்தாளின் நகலையும் இணைத்திருக்கிறோம். அதில் கையெழுத்து போட்ட நாங்கள் இருவரும் தம்பி தரப்புச் சாட்சிகள். அன்று என்ன நடந்தது, என்ன சொல்லச் சொன்னார்கள், நாங்கள் ஏன் கையெழுத்து போட்டோம் என்பதைச் சொல்லப்போகிறோம்.