குருளையரும் குடும்பமும்

பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இன்று வகுப்பறை உண்டு; தனிப்பயிற்சி உண்டு; கைப்பேசியும் உண்டு. தன் தெருவில் வாழும் பிற குடும்பத்தினரோடு கூடி ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வாய்ப்போ அரிதாகிவிட்டது. அவ்வாய்ப்பைத் தரவல்ல அமைப்புகளுள் ஒன்று சாரணர் இயக்கம். அது பள்ளி வளாகத்துக்குள் மட்டும் அடங்கிவிடாமல், குடும்பங்கள் பங்கேற்கும் ஊர்க்குழுவாகவும் வளரவேண்டும் என்பது என் கருத்து.

சொல்லும் வரலாறும்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குச் செல்லும் வழியில் கண்டு வணங்கும் சமண முனிவரைச் சிலப்பதிகாரம் சாரணர் என்று குறிக்கிறது. ஒற்றர் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அப்பழஞ்சொல்லே இன்றைய இயக்கத்திற்குப் பெயராயிற்று.

இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 1907ஆம் ஆண்டு பேடன் பவல் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு நடத்திய பாசறையிலிருந்து இவ்வியக்கம் தோன்றியது. 1909இல் அது இந்தியாவுக்கு வந்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே அதில் இடமிருந்தது. இத்தடையை ஏற்காத அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு 1916இல் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சென்னையில் ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். வடநாட்டில் மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு ஆகியோர் அப்பணியை மேற்கொண்டனர். தனித்தனியே இயங்கிய சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாயின. மறுஆண்டு சாரணியரும் இணைந்தனர். எனவே, இதனை அயலார் விட்டுச்சென்ற வழக்கம் என ஒதுக்குவது பொருந்தாது. மறுக்கப்பட்டதை நம்மவர் முயன்று தமதாக்கிக்கொண்ட வரலாறு இது.

இவ்வியக்கத்தின் இளையோர் பிரிவில் சிறுவர் குருளையர் என்றும் சிறுமியர் நீலப்பறவையர் என்றும் அழைக்கப்படுகின்றனர். விலங்குகளின் இளமைப் பெயர்களுள் ஒன்றாகக் குருளை என்பதைத் தொல்காப்பிய மரபியல் கூறும். ஆறு குழந்தைகள் சேர்ந்தது ஓர் அணி. அவர்களுள் ஒருவரே அணித்தலைவர். முடிச்சிடுதல், திசையறிதல், சிறு காயத்துக்கு முதலுதவி செய்தல் ஆகியவற்றை அவர்கள் விளையாட்டாகவே கற்கின்றனர். நாள்தோறும் ஒரு நற்செயல் புரிதல் அவர்தம் கடமையாகும்.

புறநகரின் தேவை

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகளும் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்களை ஈர்த்தன. பூவிருந்தவல்லிச் சாலையின் இருமருங்கிலும் அடுக்ககங்கள் எழுந்துள்ளன. தாத்தாவும் பாட்டியும் சொந்த ஊரில் இருக்க, தாயும் தந்தையும் முறைப்பணிக்குச் செல்லும் வீடுகள் இங்கு மிகுதி. எதிர்வீட்டார் பெயரையும் அறியாமல் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட முடிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, வெளியிலிருந்து உதவி வரும் முன்னரே கைகொடுப்பவர் அண்டைவீட்டாரே என்பதைச் சென்னை கண்டது. அந்த அறிமுகத்தை இடர் வந்தபின் தேடுவதைவிட முன்னரே உருவாக்கிக்கொள்வது அறிவுடைமை.

வாரம் ஒருநாள் மாலையில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பூங்காவிலோ பள்ளித் திடலிலோ கூடுவது கடினமன்று. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பறவைகளை நோக்கலாம். கொரட்டூர் ஏரியில் நீர் எங்கிருந்து வந்து எங்குச் செல்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்டலாம். பெற்றோர், குழந்தையை வாயிலில் விட்டுச் செல்பவராக இருத்தல் கூடாது. இயந்திரம் அறிந்த தந்தை மிதிவண்டியைப் பழுதுபார்க்கக் கற்பிக்கலாம். செவிலியரான தாய் கட்டுப்போடக் கற்பிக்கலாம். பெற்றோர் உடனிருப்பது குழந்தைகளின் பாதுகாப்புக்கும் அரணாகும்.

தடைகளும் விடைகளும்

படிப்பு கெடும் என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். வாரத்தில் ஓரிரு மணிநேரம் படிப்பைக் கெடுக்காது. கைப்பேசிக்குச் செல்லும் நேரத்தில் ஒரு சிறுபகுதியே அது. சீருடைக்கும் பாசறைக்கும் ஆகும் செலவு எல்லாராலும் இயலாது என்பது உண்மையான குறை. ஏற்றத்தாழ்வை மறைப்பதற்காக அமைந்த சீருடையே ஒரு குழந்தையைத் தடுத்து நிறுத்தினால் அதன் நோக்கம் பழுதாகிவிடும். வளர்ந்த பிள்ளைகளின் சீருடையை இளையோருக்குத் தருதலும், செலவைக் குழுவே பகிர்ந்துகொள்ளுதலும் இதற்கு வழியாகும்.

மற்றொரு குறை, சான்றிதழ் நோக்கம். இரயில்வே பணிகளில் சாரணர்க்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. அதனைப் பெற விழைவது தவறன்று. ஆயினும், அதற்காக மட்டுமே மேல்வகுப்பில் சேர்வோரிடம், சிறுவயது முதலே பழகிவரும் தொண்டுணர்வை எதிர்பார்க்க இயலாது. குருளைப் பருவத்திற்கு எந்த வேலைவாய்ப்பும் பரிசாகக் காத்திருப்பதில்லை. அதனாலேயே அப்பருவத்தில் பெறும் பயிற்சி தூய்மையானது. ஊர்க்குழுக்கள் அங்கிருந்து தொடங்குவதே முறை.

இத்தகைய குழுக்கள் நடைபெறாமைக்குக் குழந்தைகளின் ஆர்வமின்மை காரணமன்று. பொறுப்பேற்று நடத்துவோர் இல்லாமையே காரணம். மாணவர்களே, இங்குதான் உங்களுக்கு இடமுண்டு. பயிற்சி பெற்ற சாரண ஆசிரியரின் வழிகாட்டுதலோடு நீங்கள் ஒரு குழுவுக்குத் துணைநிற்கலாம். உங்கள் தெருவில் உள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்று இவ்வாரம் எண்ணிப் பாருங்கள். ஆறு பேர் இருந்தால் ஓர் அணி அமைக்கலாம். அவர்தம் பெற்றோரிடம் பேசுவதிலிருந்து உங்கள் பணியைத் தொடங்குங்கள்.