எண்ணுக்கேது மொழி?

இராசாக்கமங்கலம் துறையிலிருந்து வளைகுடா நாட்டு உறவினர்க்கு விடுக்கும் மடல், இணையத்தில் முழுதாய்ச் செல்வதில்லை. 0, 1 என்னும் ஈரெண்களாய் மாறிச் சிறுசிறு பொதிகளாய்ப் பிரிந்து, பொதிதோறும் முகவரி தாங்கிச் சென்று, ஆங்கே மீண்டும் ஒன்றுசேர்கின்றது. 1969-இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட்டு தொடங்கிய நாள்முதல் பொதிமுறையே இவ்வலையத்தின் அடிப்படை. அதற்கு ஆங்கிலமும் எண்ணே, தமிழும் எண்ணே!

முன்னர் எழுத்துருவுக்கொரு குறியீடு இருந்தமையால், ஒருவர் விடுத்த தமிழ் மற்றவர் கணிப்பொறியிற் சிதைந்து தோன்றியது. அக்குறையும் தீர்ந்தது. 1999-இல் தமிழ்99 விசைப்பலகை வந்தது; 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று கைப்பேசியிலும் தமிழ் உண்டு. பின்னும் தமிழை ஆங்கில எழுத்தாற் கோப்பவர், கருவியின்மேற் பழிபோட்டுத் தப்பவியலுமோ? உறவினர்க்கு விடுக்கும் அடுத்த மடலையேனும் தமிழெழுத்தில் எழுதுக!