"உள்ளது உள்ளபடி" என்று எழுதினால் போதுமா?

பழைய வீட்டை விற்கும் நம்மவர்கள் பலர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து விடுகிறார்கள். "வீடு உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது." அவ்வளவுதான், தம் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பு. தீரவில்லை!

தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55வது பிரிவு. மறைப்பதை மோசடி என்றே குறிப்பிடுகிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளலாமே என வக்கீல் வாதிடலாம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுதாயம் அந்த வாதத்தில் ஒளியலாமா?

அடுத்து வங்கி. (வட்டி பற்றிய என் கருத்து வாசகர்கள் அறிந்ததே. ஆனால் வாங்குபவர் கடன் வாங்கினால் அதன் சிக்கல் விற்பவர் வாசலுக்கும் வரும்.) நீங்கள் இருவரும் பேசிய விலை வங்கியைக் கட்டுப்படுத்தாது. 40 லட்சம் பேசிய வீட்டை வங்கியின் பொறியாளர் 32 லட்சம் என்று மதிப்பிட்டால், ரிசர்வ் வங்கி வரம்புப்படி 90 சதவீதம், அதாவது 28.8 லட்சத்துக்கு மேல் கடன் கிடைக்காது. மீதியோடு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் கையிலிருந்து போட வேண்டும்.

கூரை ஒழுகலைக் கூடச் சரி செய்துவிடலாம். பத்திரத்தின் ஒழுகலை?

சென்ற ஆண்டு ஒரு பஞ்சாயத்துக்கு அழைத்தார்கள். தகப்பனார் வீட்டை அண்ணன் விற்கிறார். 5 லட்சம் முன்பணம் வாங்கி மகனின் விசாவுக்குக் கொடுத்தாகிவிட்டது. வங்கி வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இரண்டு தங்கைகளின் கையெழுத்து எங்கே?" என்றார். கடன் நின்றது.

"கல்யாணத்துக்கே நகை போட்டு அனுப்பிவிட்டோமே ஹஜ்ரத்" என்றார் அண்ணன். நகை போட்டது சீர், அது வாரிசுப் பங்காகுமா? பெற்றோர் இருவரும் மவுத்தாகிவிட்டார்கள். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால் பாதி வீடு அந்தத் தங்கைகளுடையது! திருக்குர்ஆன் வகுத்த பங்கை, ஜமாஅத்தில் முன்வரிசையில் நிற்பவருக்கு ஒரு வங்கி வக்கீல் நினைவூட்ட வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்கு மாதம் இழுத்து, விற்ற விலையில் பாதி தங்கைகளுக்கு என எழுதிய பிறகே அவர்கள் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்.

எனவே முன்பணத்தில் கைவைக்கும் முன் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றிதழ், வரைபட அனுமதி எல்லாவற்றையும் எடுத்து வைத்து, வாங்குபவரின் கொத்தனாரோ பொறியாளரோ வந்தால் பூட்டிய அறையையும் திறந்து காட்டுங்கள். கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், பழுதுச் செலவு யாருடையது என்பதையும் அந்த "உள்ளது உள்ளபடி" வரிக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.