கூழ் ஆறுமுன் எடுக்கவேண்டிய படம்

சாப்பாட்டுக் கடையில் உணவைப் படம் எடுப்பவருக்கு உள்ள முதல் ஒழுங்கு, சாப்பாட்டைக் காக்க வைக்காமல் இருப்பது. இது எல்லா உணவுக்கும் பொதுவானது என்றாலும், யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் கூழுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவிட்டு எடுக்கும் ஒடியலை இடித்து, மாவை நீரில் ஊறவைத்து, கைப்புப் போக வடித்துக் கரைத்து ஊற்றுவதே ஒடியற்கூழ். பானைக்குள் அரிசி, மரவள்ளி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை என்பனவும் நண்டு, இறால், மீன்தலை என்பனவும் வெந்துகொண்டிருக்கும். செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்த அந்தக் கூழ் கொதிக்கக் கொதிக்க இறங்கும்போது இளக்கமாக இருக்கும். ஆற ஆற ஒடியல் மா இறுகும், மேலே ஆடை படரும். பனையோலைப் பிளாவில் வார்த்ததை ஐந்து கோணத்தில் படமெடுத்து முடிப்பதற்குள் குடிக்கவேண்டிய கூழ் களியாகிவிடும்.

அதோடு கூழ் படத்துக்கு ஒத்துழைக்காத உணவு. மண்ணிறக் குழம்புக்குள் நண்டுக்கால் ஒன்று பாதி தெரியும், மற்றதெல்லாம் உள்ளே அமிழ்ந்து கிடக்கும். இதனால்தான் வேலணையின் சாட்டிக் கடற்கரைக்கு வரும் யூரியூப்காரர் பலர் கூழை விட்டுவிட்டு நண்டுக் கறியைத் தேடுகிறார்கள். கடலில் நீலமாக இருக்கும் நீலக்கால் நண்டு, வெந்ததும் செம்மஞ்சளாக மாறுகிறது. ஓட்டிலுள்ள செந்நிறப் பொருளைப் பிணைத்து வைத்திருந்த புரதம் சூட்டில் குலைவதே காரணம். அந்த நிறம் கைப்பேசித் திரையில் எடுப்பாகத் தெரியும். ஊரின் உணவு எது என்பதைக் கமரா தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது என்று இதற்காக வருந்தத் தேவையில்லை. ஆனால் கூழை எழுத்தில்தான் காட்டமுடியும் என்பதை உணவைப் பற்றி எழுதுகிறவர் தெரிந்திருக்கவேண்டும்.

நல்ல படத்துக்கு வேண்டியது வெளிச்சம். நீலத் தறப்பாளின் கீழே வைத்த வெள்ளைச் சோறு படத்தில் நீலம் பாரிக்கும். இரவில் சில ரியூப் லைட்டுகளின் கீழே இடியப்பமும் சொதியும் பச்சை தட்டும். கைப்பேசியின் பிளாஷைப் போட்டால் கறியின் எண்ணெய் கண்ணாடியாகப் பளிச்சிடும், பக்கத்து மேசைக்காரருக்கும் கண் கூசும். தறப்பாளின் ஓரத்து மேசையில், பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார்ந்தால் ஒரே படம் போதும். கதிரையில் ஏறி நின்று மேலிருந்து எடுப்பது, அடுத்தவர் கோப்பையை நகர்த்தி இடம் பிடிப்பது, சொதியைத் திரும்பத் திரும்ப ஊற்றச் சொல்லி வீடியோ எடுப்பது ஆகியன எந்தக் கடையிலும் மரியாதையல்ல. மத்தியானம் வேலணை வங்களாவடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கிப் பசியோடு வருபவருக்கு அந்த மேசை வேண்டும்.

இன்ஸ்டகிராம் 2010இல் வந்தது. சாப்பாட்டுப் படத்தின் மீதான சண்டை அதற்கு முந்தியது. நியூயோர்க்கில் டேவிட் சாங் நடத்திய பன்னிரண்டு இருக்கை மட்டுமே கொண்ட மொமொஃபுகு கோ உணவகம் 2008இலேயே படமெடுப்பதைத் தடை செய்தது. 2014இல் பிரான்சின் அலெக்சாந்தர் கோத்தியே என்ற சமையற்காரர் தமது உணவுப் பட்டியலிலேயே கமராவைக் குறுக்காக வெட்டிய சின்னத்தைப் போட்டார். இவர்கள் பெயர் பெற்றவர்கள், வாடிக்கையாளரைக் கண்டிக்க முடிந்தவர்கள். தீவகத்தின் சின்னக் கடை முதலாளி அப்படி ஒரு பலகை தொங்கவிடமாட்டார். விளம்பரம் வேண்டும் என்பதாலும், வந்தவரை முகம் முறிக்கக்கூடாது என்பதாலும் ‘எடுங்கோ, எடுங்கோ’ என்றுதான் சொல்வார். ஆகவே அடக்கம் படமெடுப்பவர் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். முதலாளி சம்மதித்தாலும், அடுப்படியில் சாரத்தோடு வியர்த்து நிற்கும் சமையற்காரரிடம் தனியாகக் கேட்கவேண்டும். அந்த முகம் முதலாளியுடையதல்ல.

படம் எடுப்பது சுவையைக் கெடுக்குமா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், உப்புச் சுவையுள்ள உணவுகளின் படங்களை வரிசையாகப் பார்த்தவர்களுக்குப் பிறகு கொடுத்த கடலை அவ்வளவாக ருசிக்கவில்லை. 2016இல் வந்த இன்னோர் ஆய்வு, கேக் போன்ற ஆசைப் பண்டங்களைத் தாமே படமெடுத்துவிட்டு உண்டவர்களுக்கு ருசி கூடியதாகச் சொன்னது. இரண்டிலும் கூழ் இல்லை.

கடையில் இருப்பவர் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர். விரும்பாவிட்டால் எழுந்து போகலாம். அன்னதானப் பந்தியில் நிலைமை வேறு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சோறு போடும் மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவத்துப் பொய்கையிலிருந்து கிடைக்கும் வற்றாத பாத்திரத்தின் பெயர் அது. நயினாதீவையே மணிபல்லவமாகக் கொள்வது ஊர் வழக்கு. அங்கே வரிசையாக இருந்து உண்பவர்களில் வசதியானவரும் இருப்பார், அன்றைய ஒரே நேரச் சாப்பாட்டுக்கு வந்தவரும் இருப்பார். யார் எவர் என்று தெரியாதிருப்பதுதான் பந்தியின் மரியாதை. குனிந்து உண்ணும் முகத்தைப் படமாக்கி முகநூலில் போட்டால் அந்த மரியாதை போய்விடும். யுத்தத்துக்குப் பின் நிவாரணப் பொதியைக் கையில் பிடித்துக் கமராவைப் பார்க்கும்படி நிறுத்தப்பட்ட மக்கள் இந்த வட மாகாணத்தவர். அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரிய கிடாரத்தை, காய்கறி வெட்டும் தொண்டர்களை, அடுக்கிய இலைகளை அனுமதி கேட்டு எடுக்கலாம். இலை போட்டு ஆட்கள் இருந்தபின் கைப்பேசி சட்டைப்பைக்குள் போகவேண்டும்.

எடுத்த படம் யாருக்கு உரியது என்பதும் கடைக்காரர் அறியவேண்டிய விடயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படத்துக்கும் பதிப்புரிமை தருகிறது. பொதுவில் அது எடுத்தவருக்கே உரியது. இணையத்தில் அகப்பட்ட எவரோ ஒருவரின் புரியாணிப் படத்தை அச்சடித்துக் கடை வாசலில் தொங்கவிடுவது அந்த உரிமையை மீறுவது. சாப்பிட வருகிறவரையும் ஏமாற்றுவது. இலவசமாக உண்டுவிட்டு அதை மறைத்துப் புகழ்ந்து எழுதுவதும் அதே வகை. இந்தியாவின் விளம்பரத் தர மன்றம் 2021இல், காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அதை வெளிப்படையாகக் குறிக்கவேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. இங்கேயும் பின்பற்றுவதற்கு அதில் கடினமானது எதுவுமில்லை.

படத்தோடு விலை, கடை திறந்திருக்கும் நேரம், ஊர்ப்பெயர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ‘யாழ்ப்பாணக் கடற்கரை’ என்று மட்டும் போட்டால் வருகிறவர் நகரத்தில் நின்று விசாரிப்பார். சாட்டி இருப்பது வேலணையில், பண்ணைப் பாலம் தாண்டி வரவேண்டும்.