பிறர் எழுதிய நிரலைத் திருத்தக் கற்பித்தோமா?



1954இல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியது. 2013இல் ஸ்ரீசிட்டியில் ஐ.ஐ.ஐ.டி.யும் 2015இல் திருப்பதியில் ஐ.ஐ.டி.யும் வந்தன. சித்தூர் தொடங்கித் திருப்பதி வரை தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. ஆயினும், ‘பட்டம் பெற்றவருக்குத் தொழில் தெரியவில்லை’ என்னும் குறை ஓயவில்லை.

அதற்கு நாம் கண்ட மருந்து வேலைவாய்ப்புப் பயிற்சி: திறனறித் தேர்வு, குழு விவாதம், ஆங்கிலப் பேச்சு, சான்றிதழ். இவை நேர்காணலைக் கடக்க உதவும். இவற்றையே தொழில்திறன் என்பது தவறு.

‘மென்பொருள் பொறியியல்’ என்னும் பெயரைப் பரவலாக்கியது, 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மாநாடு. அங்குக் கூடியோரை வாட்டிய கேள்வி, பலர் சேர்ந்து ஆக்கும் பெரிய மென்பொருள் ஏன் காலம் தாழ்ந்து, செலவு மீறி, பிழையோடு வந்து சேர்கிறது என்பதே. கூட்டுப்பணியின் சிக்கலில் பிறந்த துறை இது. நம் ஆய்வகத்திலோ மாணவர் தனியே நிரல் எழுதுகிறார். அதை ரெக்கார்டு நோட்டில் படியெடுக்கிறார். பிறகு அதை எவரும் தொடுவதில்லை.

இறுதியாண்டுத் திட்டப்பணியை விலைக்கு வாங்கி ஒப்படைப்போர் உண்டென்பதை நாம் அறிவோம். வாங்கியவரைப் பழிப்பது எளிது. திரையில் ஓடியதை மட்டும் கண்டு மதிப்பெண் இட்டவர் யார்?

பணியில் சேர்பவர் கையில் பெரும்பாலும் வெற்றுக் கோப்பு கிடைப்பதில்லை. என்றோ விலகியவர் எழுதிய பல்லாயிரம் வரிகளே கிடைக்கும். அவற்றைப் படித்து, சோதித்து, உடைக்காமல் திருத்துவதே தொழில்.

ஆகவே, ஓர் அணியின் திட்டப்பணியை அடுத்த ஆண்டு அணி ஏற்று நடத்தட்டும். ‘கிட்’ 2005 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பதிவான மாற்றங்கள், எழுதிய சோதனைகள், சக மாணவரின் மதிப்பாய்வு ஆகியவற்றுக்குப் பாதி மதிப்பெண் தருவோம். பதிவுகளைப் பொய்யாகப் புனையலாம். ஆனால் நிரலை வாங்கியவரால் இளையவர் கேட்கும் கேள்விகளுக்கு விடைகூற இயலாது.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் என்பீர்கள். அகமதிப்பீடு நம் கையில்தானே உள்ளது? உண்மையான தடை வேறு: நமக்கே இப்பழக்கம் இல்லை. என் ஆய்வுக்கட்டுரைக்கு நானே எழுதிய நிரலை, ஆறு மாதம் கழித்து என்னாலேயே ஓட்ட முடியவில்லை. இக்குற்றச்சாட்டில் நானும் அடக்கம்.

இப்பருவத்தில் ஒரே ஓர் அணியோடு தொடங்குவோம். நாமும் உடனமர்ந்து கற்போம்.