போருக்குப் போன ஊழியர் திரும்பலைன்னா, ஆபீஸ் என்ன செய்யணும்?

1965 இந்தியா - பாகிஸ்தான் போர். ராஜஸ்தான் மாநிலம் பார்மர் மாவட்டத்தில், எல்லையை ஒட்டிய கட்ரா ரோடு பகுதி. ராணுவத்துக்கான பொருட்களை ரயிலில் கொண்டு போய்க்கொண்டிருந்தபோது பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீசின. இறந்த 17 பேரும் ரயில்வே ஊழியர்கள். அங்கே அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. வருஷா வருஷம் செப்டம்பர் 9 அன்று ரயில்வே தொழிலாளர்கள் அங்கே கூடுகிறார்கள்.

போர் நினைவுச்சின்னம்னா நமக்கு சென்னை கடற்கரையில் இருப்பதுதான் ஞாபகம் வரும். வேலை பார்த்த இடமே தன் ஊழியரை நினைவுகூர்வது வேறு வகை. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தபடி நிற்கும் சிப்பாய் சிலை ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் இறந்த 2,500-க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்காக கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1922-ல் திறந்தது. பெயர்கள் வெளியே தெரியாது. பட்டியலாக எழுதி பீடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். எழுதியாவது வைத்தார்களே!

கொல்கத்தாவில் அதுவும் இல்லை. அதே போரில் இறந்த கப்பல் தொழிலாளர்களுக்கு 1924-ல் ஹூக்ளி கரையில் நினைவுத் தூண் எழுப்பினார்கள். கல்வெட்டில் இருப்பது 896 என்ற எண் மட்டும்.

இங்கேதான் எனக்குக் கடுப்பாகுது. ஏன்னா பெயர் வெட்டுவது நமக்குப் புதுசு இல்லை. சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டு, அதாவது 7-ம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்தவர் பெயர் கருந்தேவகத்தி. கள்ளர் இருவரைக் கடித்த அவருடைய நாயின் பெயரும் அதில் இருக்கு: கோவிவன். நாய்க்கே பெயர் வெட்டிய ஊர் சார் இது.

இன்றைக்கு இது யாருக்குத் தேவை? டெரிடோரியல் ஆர்மி என்கிற பிராந்திய ராணுவத்தில், வேலையில் இருந்துகொண்டே சேரலாம். குப்பனூரிலிருந்து தினமும் சேலத்துக்கு பஸ் ஏறி வேலைக்குப் போகும் ஒருவர் அதில் சேர்கிறார், போர் வந்து அழைக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்தால் அவருக்கு மீண்டும் வேலை கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது 1948-ம் வருஷத்துச் சட்டம். வராவிட்டால்? ஹெச்ஆர் பட்டியலில் ஒரு பெயர் குறையும்.

பெரிய சிலை எல்லாம் வேண்டாம். ஐடி கார்டைக் காட்டி உள்ளே போகும் வாசலில் ஒரு கல் போதும். பெயர், பார்த்த வேலை, ஊர், இறந்த தேதி. இதையும் விளம்பரமாக்கிடுவாங்களேன்னு கேட்டால், நியாயமான பயம்தான். பெயரைப் பெருசாகத் தமிழில் வெட்டட்டும். கம்பெனி லோகோ கல்லின் பின்பக்கம் இருக்கட்டும்.